தூக்கம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. உட்கார்ந்தது ஒரு கட்டுரை எழுத.

பயண இதழ் ஒன்றின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நெடுந்தூரம் பறந்துபோய் சஃபாரி பாக்கறவங்க ஜெட் லாக்கை எப்படிச் சமாளிக்கறதுன்னு சின்னதா ஒரு கட்டுரை வேணும். படிக்கறவங்களுக்குப் பயன்படணும். கதை விட்டுடாதீங்க" என்றார். கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொன்னார். என்னை நெடுநாளாகத் தெரிந்தவர்.

நான் சஃபாரி போனவள் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த மிகப் பெரிய விலங்கு எதிர்வீட்டு நாய்தான். ஆனால், எழுதி எழுதிப் பிடித்துக்கொண்ட என் கழுத்தைச் சரிசெய்யும் பிசியோதெரபிஸ்ட் போய்வந்திருந்தாள். அவளிடம் வைத்தியம் என்றால், மேசையின் தலைப்பக்கம் இருக்கும் வட்டத் துவாரத்துக்குள் முகத்தைப் பதித்துக் கவிழ்ந்து படுக்க வேண்டும். தெரிவதெல்லாம் தரையும் அவளுடைய வெள்ளைக் காலணிகளும்தான். முகம் பார்க்காமல் பேசும்போது மனிதர்கள் எவ்வளவு தாராளமாகிவிடுகிறார்கள்! ஜெட் லாக்குக்கு என்ன செய்தாய் என்றுதான் நான் கேட்டேன். அவள் என் தோள்பட்டையில் கட்டைவிரலை ஊன்றி, "எங்க அத்தையோட போயிருந்தேன்க்கா" என்று ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டுரையைத் தொடங்கினேன்.

"விமானத்தில் நிறையத் தண்ணீர் குடியுங்கள். இறங்கியதும் கைக்கடிகாரத்தை அங்குள்ள நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். காலை வெயிலில் சற்று நில்லுங்கள். முதல் நாள் பகலில் எக்காரணம் கொண்டும் தூங்காதீர்கள், ஏனென்றால்"

அந்த 'ஏனென்றால்' அப்படியே நிற்கிறது. ஏனென்றால் அவள் தூங்கினாள். அங்கிருந்து கட்டுரை என் கையை விட்டுப் போய்விட்டது.

2

தொடக்கம் ஒன்று: "விமான நிலையத்தின் வழவழத்த தரையில் இரண்டு பெண்கள் ஒரே தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு—"

வேண்டாம். விமான நிலையத்தில் தொடங்கும் கதைக்குள் புக, வாசகரும் பெல்ட்டைக் கழற்றி வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "உடம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, தூக்கம் பின்னால் வந்துகொண்டிருந்தது."

அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. தலைப்பில் வைத்துவிட்டு மேலே போகிறேன்.

தொடக்கம் மூன்று: சிங்கம் கொட்டாவி விட்டது.

இதுதான் சரி. சிங்கம் கொட்டாவி விட்டது. திறந்த ஜீப்பின் பின்னிருக்கையில் மருமகளும், அதாவது என் பிசியோதெரபிஸ்டும், கொட்டாவி விட்டாள். சிங்கம் வாயை மூடிக்கொண்டு எழுந்து சோம்பல் முறித்தது. மருமகள் வாயை மூடிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

அவர்கள் வந்திறங்கிய மறுநாள் காலை அது. புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளுத்துக் கிடந்தது. வெயில் இன்னும் சூடேறவில்லை. ஜீப் என்ஜினை அணைத்ததும் எழுந்த அமைதி அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லச் சாய்த்தது. பக்கத்தில் அத்தை, கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது முழங்கையால் இடித்தாள்.

"ஏம்மா, சிங்கம்!"

"ம்ம்… வெளியில உக்காரச் சொல்லுங்க அத்தை. வந்துடறேன்."

முன்னிருக்கையில் இருந்த ஓட்டுநருக்கு இவர்கள் மொழி தெரியாது. அகலமான தொப்பி போட்டிருந்ததால் அத்தை அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்திருந்தாள். அத்தை அடக்க முடியாமல் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். சிங்கம் இருவரையும் பார்த்துவிட்டு, மரியாதை தெரியாதவர்கள் என்பதுபோலப் புதருக்குள் போயிற்று.

மருமகள் அந்தச் சிங்கத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் கனவில் பார்த்தாள். அவளுடைய கிளினிக்கின் வரவேற்பறையில், முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. அதற்கும் கழுத்துவலி.

3

இந்த இரண்டு பெண்கள் ஏன் இவ்வளவு தூரம் தனியாக வந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தனியாக வருவதாக இல்லை. அத்தைக்கு அறுபது நிறைந்ததற்காக, மூன்று பேருக்கு மகன்தான் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். மூன்றாவது ஆள் அவன். கிளம்புவதற்கு முதல் நாள், அலுவலகத்தில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிப் பின்வாங்கிவிட்டான்.

அவன் வேலை வீட்டுக்குள்ளேயேதான். ஆனால் அலுவலகம் உலகத்தின் மறுபக்கம். அங்கே விடியும்போது இவன் கணினியைத் திறப்பான். இங்கே விடியும்போது படுப்பான். அவன் அறையில் தடித்த திரைச்சீலை எப்போதும் இழுத்து மூடியிருக்கும். மருமகள் கிளினிக்குக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் பல் துலக்கிவிட்டுப் படுக்கப் போவான். குளியலறை வாசலில் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். "குட் மார்னிங்", "குட் நைட்". ஆரம்பத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். பிறகு சொல்வதும் நின்றது.

[இங்கே அவனுக்கு ஒரு பத்தி வசனம் எழுதியிருந்தேன். திரைச்சீலையைப் பார்த்தபடி தன் தனிமையைப் பற்றிப் பேசினான். நன்றாகத்தான் பேசினான். அடித்துவிட்டேன். அவன் அப்படிப் பேசக்கூடியவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.]

"அவர் கெட்டவர் இல்லக்கா" என்று காலணிகள் எனக்குச் சொன்னன. "ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. முகத்தைப் பாத்தாத்தானே சுளிக்கறதுக்கு."

பிரிந்துவிடலாம் என்று இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்றபடியே முடிவு செய்தார்கள். சண்டை இல்லை. அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் மட்டும் பயணத்தில், நல்ல மனநிலையில், இருவருமாகச் சொல்லலாம் என்று பேசிவைத்திருந்தார்கள். பின்வாங்கிய அன்று அவன், பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவளிடம் வந்து, "நீயே சொல்லிடேன். நான் சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. நீ சொன்னா கேட்டுப்பாங்க" என்றான். அதில் எரிச்சலூட்டிய விஷயம், அது உண்மையாக இருந்ததுதான்.

அந்த வீட்டில் பகல் முழுவதும் வாழ்ந்தவர்கள் இரண்டே பேர். காலையில் மருமகள் தலை வாரும்போது கண்ணாடிக்குள் வந்து நின்று, பின்பக்கம் சிக்கு இருக்கிறது என்பது அத்தை. சாயங்காலம் கிளினிக்கில் யார் யாருக்கு எந்த மூட்டு பிசகியது என்று கேட்டு, பார்த்தேயிராத நோயாளிகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பது அத்தை. கணவனைப் பிரிவதற்கு வக்கீல் இருக்கிறார். மாமியாரைப் பிரிய எங்கே போய்க் கையெழுத்துப் போடுவது?

4

ஆசிரியருக்காக மனம் இரங்கி, கொஞ்சம் பயனுள்ளவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அத்தை நேர மாற்றத்தை ஒரு நிர்வாகப் பிரச்சினையாகப் பார்த்தாள். ஓய்வு பெறும்வரை பெரிய ரயில் நிலையம் ஒன்றில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவள் அவள். வண்டி தாமதமானால் பயணிகளை எப்படி அமைதிப்படுத்துவது என்பது அவளுக்குத் தெரியும். அதே குரலில் தன் உடம்பையும் அமைதிப்படுத்தினாள். விடியும் முன்பே விழிப்பு வந்தால் புரண்டு படுக்காமல் எழுந்து, கூடாரத்தின் மரத்தளத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அங்குள்ளவர்கள் சாப்பிடும் நேரத்தில் இரண்டு ரொட்டித் துண்டும் முட்டையும் சாப்பிட்டாள். "வயித்துக்கு முதல்ல தெரியணும், எந்த ஊர்ல இருக்கோம்னு. அது போய் மூளைக்குச் சொல்லும்" என்றாள்.*

மருமகள் இது எதையும் செய்யவில்லை. இருட்டில் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். வெளிச்சம் வந்ததும் சுருண்டாள். நீர்யானைகள் மூழ்கி எழுந்தபோது தூங்கினாள். வரிக்குதிரைகள் ஜீப்பை ஒட்டி ஓடியபோது, புழுதி மூக்கில் ஏறித் தும்மிவிட்டுத் தூங்கினாள். அத்தை பார்த்ததையெல்லாம் சாயங்காலம் அவளுக்கு ஒப்பித்தாள். எது பார்த்தது, எது அத்தை சொன்னது, எது கனவு என்பது மருமகளுக்குக் குழம்பத் தொடங்கியது. இன்றைக்கும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒட்டகச்சிவிங்கி ஒன்று தன் அறை ஜன்னலில் தலையை நுழைத்துத் திரைச்சீலையை மென்றதாக உறுதியாகச் சொல்கிறாள். கூடாரத்தில் திரைச்சீலையே கிடையாது.

அத்தைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அசந்து தூங்கினால் அறிவிப்பு செய்வாள். வாய் சரியாக மூடாமல், கண்கள் மூடியபடி, வீட்டில் ஒருநாளும் பேசாத சுத்தமான தமிழில்: "பயணிகளின் கவனத்திற்கு…" முதல் முறை கேட்டபோது கேப்டன் வண்டியை நிறுத்தி, வயர்லெஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

*சில மணி நேர வித்தியாசத்தில், அதுவும் ஒரே விமானத்தில் போன இருவருக்கு, தூக்கம் எப்படி இவ்வளவு எதிரெதிராகக் கெடும் என்று மருத்துவர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். "ஒரே வீட்ல இருந்த ரெண்டு பேருக்குக் கெடலையா?" என்று பதில் வந்தது.

5

அத்தையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். எழுத எழுத இவள் மிகவும் நல்லவளாகிக்கொண்டு போகிறாள். இப்படிப்பட்ட மாமியாரை யார் நம்புவார்கள்?

அடுத்த முறை மேசையில் படுத்ததும் கேட்டேன்: "உங்க அத்தைகிட்ட ஒரு குறையும் இல்லையா?"

கழுத்தின் மேல் கைகள் உற்சாகமாயின. "ஏன் இல்ல? என் மேசை டிராயரைத் திறந்து அடுக்கி வெப்பாங்க. எனக்கு ஒண்ணும் கிடைக்காது. போன் மணி அடிச்சா யாருன்னு கேட்டுட்டுத்தான் என்கிட்ட கொடுப்பாங்க. கல்யாணமான புதுசுல நான் சமைச்சதைச் சாப்பிட்டுட்டு 'பரவாயில்ல, பசிக்கு ஆகும்'னாங்க. அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ரெண்டு வருஷம் சண்டை போட்டிருக்கேன். குழந்தை ஏன் இல்லன்னு எல்லாரும் கேட்டப்ப அவங்க மட்டும் கேக்கல. ஆனா கேக்கலைங்கறதை நாலு பேர்கிட்ட சொல்லிக் காட்டுவாங்க."

கடைசி வாக்கியம் போதும். ஆள் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

6

சொன்னது இப்படி.

நண்பகல். புல்வெளி நடுவே ஒற்றையாய் நின்ற ஒரு பெரிய மரத்தடியில் கேப்டன் வண்டியை நிறுத்தினார். மடக்கு மேசையை விரித்து, பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைவில் நான்கைந்து ஒட்டகச்சிவிங்கிகள் நடந்துகொண்டிருந்தன. கானல் அலையில் அவற்றின் கால்கள் கரைந்துவிட்டதால், உடம்புகள் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல வந்தன. அத்தை தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தாள். மருமகள் ஜீப்பின் படியில் உட்கார்ந்து, தலையைக் கதவில் சாய்த்திருந்தாள். கையில் தேநீர்க் கோப்பை.

தேநீரின் சூடு விரல்களில் தெரிந்தது. ஒட்டகச்சிவிங்கிகள் தெரிந்தன. பிறகு அவை கிளினிக்கின் தாழ்வாரத்தில் நடந்தன. தாழ்வாரத்தின் கோடியில் அத்தை உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் அவளருகே போய் நின்றாள். ஒரு குரல் சொன்னது: "நானும் அவரும் பிரியறோம் அத்தை. முடிவு பண்ணிட்டோம்."

தன் குரல்.

கண் விழித்தாள். கோப்பை கையில் அப்படியே இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. உதடுகள் அப்போதுதான் அசைந்து நின்றதுபோல ஈரமாக இருந்தன. அத்தை தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் ஒட்டகச்சிவிங்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேனா? கனவில் சொன்னேனா?

"அத்தை" என்றாள்.

"உம்."

"இப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

அத்தை தொலைநோக்கியை இறக்கினாள். கண்களைச் சுற்றி ரப்பர் வளையத்தின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. "டீ ஆறிடப் போகுது, குடி" என்றாள்.

7

இந்த இடத்தில் மூன்று வழிகள் தெரிகின்றன. நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

அவள் சொல்லவில்லை, அத்தை கேட்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் கதை மறுபடி புறப்பட்ட இடத்துக்கே போகிறது. மறுபடி ஒரு மரத்தடி தேட வேண்டும்.

சொன்னாள், ஆனால் அத்தை காதில் விழவில்லை என்றால், அது வெறும் விபத்து. விபத்துகளை வைத்து எழுதிக் களைத்துப்போனவள் நான்.

சொன்னாள், அத்தை கேட்டாள், கேட்காததுபோல—

மருமகளும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வந்த வழியெல்லாம் அத்தையின் முகத்தைப் படிக்க முயன்றாள். அன்று அவளுக்குப் பகல் தூக்கம் வரவில்லை. வந்ததிலிருந்து முதல் முறையாகத் தெளிவாக விழித்திருந்தாள். அவள் பார்த்த முதல் விலங்கு அத்தைதான் என்று சொல்லலாம். அத்தை தண்ணீர்ப் பாட்டிலை எப்போதும்போல மூடியைத் திருகித் திறந்துதான் நீட்டினாள். எப்போதும்போலத் தன் சால்வையின் பாதியை அவள் மடியில் போட்டாள். ஆனால் கூடாரத்துக்கு வந்ததும், ஒரே பெட்டியில் கலந்து அடுக்கியிருந்த துணிகளை வெளியே எடுத்து, தன்னுடையதைத் தனியாகவும் மருமகளுடையதைத் தனியாகவும் பிரித்து வைத்தாள்.

"எதுக்கு அத்தை?"

"தேடறதுக்குச் சுலபமா இருக்கும்ல."

அவளை மேலே கேட்கவிடாமல் செய்தது அந்தக் குரல். எங்கோ ஒரு வண்டி தடம் புரண்டிருந்தால்கூடப் பயணிகள் பதறாதபடி பேசிப் பழகிய குரல்.

8

மறுநாள் மதிய உணவுக்குப் பிறகு முறை மாறிவிட்டது. மருமகளுக்குத் தூக்கம் கடைசியில் வந்து சேர்ந்து, இரவு முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தாள். அத்தைக்குத்தான் கண்கள் சொருகின. "கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு வரேன்" என்று, கூடாரங்களுக்கு நடுவே இருந்த சிறிய நீச்சல்குளத்தின் ஓரம் போனாள். ஆள் நீந்துமளவு பெரியதல்ல, கால் நனைக்கலாம். ஓரத்தில் துணி நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

மருமகள் முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது, மரத்தளத்தின் படிக்கட்டில் முகாமின் காவலாளி நின்றிருந்தார். திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைப் பின்னால் விரித்துக் காட்டினார்: நில்.

குளத்தின் அந்தப் பக்கம் யானை.

தனி யானை. சத்தமே இல்லாமல் வந்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி ஒரு சருகைக்கூட நொறுக்காமல் வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. குளத்தில் தும்பிக்கையை விட்டுத் தண்ணீர் உறிஞ்சி வாயில் ஊற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், துணி நாற்காலியில், கால்களை நீட்டி, சால்வையை மார்புவரை இழுத்துப் போர்த்தி, அத்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

[யானைக்கும் அத்தைக்கும் எவ்வளவு தூரம்? முதல் வரைவில் ஒரு பேருந்தின் நீளம் என்று எழுதினேன். பிறகு ஒரு மேசையின் நீளம். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டபோது, "அந்த நேரத்துல யாருக்கா அளந்தாங்க? எனக்கு அது அவங்க மடியில நின்ன மாதிரி இருந்துச்சு" என்றாள். அதையே வைத்துக்கொள்கிறேன்.]

யானை தலையை நிமிர்த்தியது. தும்பிக்கை தண்ணீரைச் சொட்டியபடி குளத்தைத் தாண்டி நீண்டு, அத்தையின் பாதங்களுக்கு மேலே காற்றை முகர்ந்தது. மருமகளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது; கத்தினால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. காவலாளியின் உள்ளங்கை அசையாமல் நின்றது. எல்லாம் ஒரு கண்ணாடிக்குள் நடப்பதுபோல வெயில், தண்ணீர், யானை, சால்வை. இது என் கனவு என்று அவள் நினைத்தாள். என் கனவாக இருந்தால் நான் விழித்துக்கொள்ளலாம். விழித்துக்கொள்ள முயன்றாள். முடியவில்லை. விழித்துத்தான் இருந்தாள்.

அப்போது அத்தை அறிவித்தாள்.

"பயணிகளின் கவனத்திற்கு."

யானையின் காதுகள் விரிந்தன.

"வந்துகொண்டிருக்கும் வண்டி இந்த நிலையத்தில் இரண்டாகப் பிரிக்கப்படும்." தெளிவான, தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல். "முன்பெட்டிகள் நேர்வழியில் தொடர்ந்து செல்லும். பின்பெட்டிகளில் இருக்கும் பயணிகள்…"

அத்தோடு நின்றுவிட்டது. அடுத்த சொல் வரவில்லை. அத்தையின் உதடுகள் ஒருமுறை திறந்து மூடின. மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஈரம் இறங்கிக் காதுப்பக்கம் போயிற்று.

யானை காத்திருந்தது. மருமகளும் காத்திருந்தாள். பிறகு யானை பெருமூச்சுபோல ஒன்று விட்டது. அந்தக் காற்றில் சால்வையின் நூல்குஞ்சம் ஆடியது. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு, வந்ததுபோலவே சத்தமில்லாமல் திரும்பி மரங்களுக்குள் போயிற்று.

காவலாளி கையை இறக்கினார். மருமகள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. போய் அத்தையின் காலடியில் மண்டியிட்டு இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். அத்தை திடுக்கிட்டு விழித்தாள்.

"என்னம்மா ஆச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"யானை…"

"எங்க?" அத்தை அவசரமாகத் தொலைநோக்கியைத் தேடினாள். "ஐயோ, போயிடுச்சா? எழுப்பியிருக்கக் கூடாதா என்னை!"

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எது எப்போது மற்றதாக மாறியது என்று அவளுக்குத் தெரியாது.

9

இந்தப் பகுதியில் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

"நேத்து நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுடுச்சு" என்றாள் மருமகள்.

அத்தை சால்வையை மடித்தாள். "கேட்டுச்சு."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ தூக்கத்துல சொன்னே. தூக்கத்துல சொன்னதுக்கு முழிச்சுக்கிட்டு இருக்கறவ பதில் சொல்றது நியாயமா? நீயா முழிச்சுச் சொல்லுவேன்னு பாத்தேன்." சால்வையின் மடிப்பை நீவிக்கொண்டே, "அவன் உன்னைச் சொல்ல விட்டுட்டான், இல்ல? அதுக்குத்தான் வரல" என்றாள்.

மருமகள் தலையாட்டினாள்.

"அடிச்சானா?"

"ஐயோ, இல்ல அத்தை."

"வேற யாராவது…?"

"அவருக்கும் இல்ல. எனக்கும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

மருமகள் குளத்தைப் பார்த்தாள். யானை கலக்கிய தண்ணீர் இன்னும் தெளியவில்லை. "நம்ம வீட்ல நான் யாரோட வாழறேன்னு யோசிச்சுப் பாத்தேன். உங்களோடதான் வாழறேன். அவரோட இல்ல. அவரும் அதையேதான் சொன்னாரு."

அத்தை மடித்த சால்வையை மறுபடி பிரித்தாள். பேசியபோது குரலில் அறிவிப்பாளர் இல்லை. "என்னோட வாழறேங்கறே. என்னை விட்டுட்டுப் போறேங்கறே. இது என்ன கணக்கு?"

"அப்ப என்கூட வந்துடுங்க அத்தை."

யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகுதான் இத்தனை நாளும் சொல்ல முடியாமல் வைத்திருந்தது இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. பிரிகிறோம் என்பது அல்ல.

அத்தை அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். "இங்க கேக்காதே. நம்ம ரெண்டு பேருக்கும் பாதி மூளை இன்னும் வானத்துல இருக்கு. யானை வந்தது எனக்குத் தெரியல, நீ பேசினது உனக்குத் தெரியல. இந்த லட்சணத்துல எதை முடிவு பண்றது? ஊருக்குப் போவோம். வயிறாரச் சாப்பிட்டு, ராத்திரி தூங்கி, பகல்ல முழிக்கற மனுஷங்களா ஆனதுக்கப்புறம் கேளு. அப்பவும் கேக்கணும்னு தோணுச்சுன்னா."

"தோணும்."

"பாக்கலாம்."

மீதியிருந்த நாட்களில் மருமகள் எல்லா விலங்குகளையும் விழித்திருந்து பார்த்தாள். பெரும்பாலானவை அத்தை வர்ணித்ததைவிடச் சின்னவையாக இருந்தன.

10

திரும்பி வந்தபோது மகன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். பகல் வெளிச்சத்தில் கண்கள் கூச, அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அத்தை அவனைத் திட்டவில்லை. காரில் ஏறும்வரை அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "என்கிட்ட நீ சொல்லியிருக்கணும்டா" என்றாள் ஒரே ஒரு முறை. அவன் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். பின்னிருக்கையிலிருந்து மருமகள் அவன் தோளில் கை வைத்தாள். பல மாதங்களில் அவர்கள் தொட்டுக்கொண்டது அதுதான் என்று என் கழுத்தை விட்டுவிட்டுச் சொன்னாள்.

பிரிந்தார்கள். மரியாதையாகவே பிரிந்தார்கள். கிளினிக்கின் மாடியில் மருமகள் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்கு எடுத்தாள். இதெல்லாம் நடந்தது.

"அத்தைகிட்ட மறுபடி கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

காலணிகள் சற்று நகர்ந்தன. "அது அவங்க பதில்க்கா. அவங்களைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது? கழுத்தை லூசா விடுங்க."

எனக்கு எழுதத் தெரியாமலில்லை. அத்தை பெட்டியோடு மாடியேறி வந்து, முதல் வேலையாக டிராயரைத் திறந்து அடுக்குவதாக எழுதலாம், எல்லோருக்கும் பிடிக்கும். "பகல்ல தூங்கற பையனுக்குக் கதவைத் திறந்து விட யாரு இருக்கா?" என்று மகனோடேயே தங்கிவிடுவதாக எழுதலாம், அதுவும் பொய்யாக இருக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு வீடு, சனி ஞாயிறு இன்னொரு வீடு என்று எழுதிப் பார்த்தேன். அத்தையே என்னைத் திரும்பிப் பார்த்து, நான் என்ன பார்சலா என்று கேட்டாள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆகவே எனக்குச் சொல்லப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஊர் திரும்பிச் சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலை. இருவருமே முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தார்கள். உள்ளறையில் மகன் அப்போதுதான் படுக்கப் போயிருந்தான். அத்தை பால்கனியில், கொடியில் காய்ந்த பெரிய படுக்கை விரிப்பை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். வெயில் மொடமொடவென்று துணிக்குள் ஏறியிருந்தது. மருமகள் கதவோரம் வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள். கண்களில் துளியும் கலக்கம் இல்லை.

"இப்ப கேக்கலாமா அத்தை?"

"இந்த முனையைப் பிடி முதல்ல."

பிடித்தாள். இருவரும் பால்கனியின் இரண்டு கோடிகளுக்கு விலகி, விரிப்பை இழுத்து விறைப்பாக்கினார்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. நடுவில் தொய்ந்த துணி மேல் வெளிச்சம் கிடந்தது.

"என்கூட வந்துடறீங்களா?"

அத்தை தன் பக்கத்து மடிப்பைச் சரிசெய்தாள். துணியின் முனைகளைக் கையில் சேர்த்துப் பிடித்தபடி மருமகளை நோக்கி நடந்துவந்தாள். அந்தப் பக்கமிருந்து மருமகளும் நடந்தாள். விரிப்பு இருவருக்கும் நடுவே பாதியாகி, கீழே தொங்கி, இன்னும் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஓரடி. முனையோடு முனை சேர்ந்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளும்.

அத்தை வாயைத் திறக்கிறாள்.

என் தலை இன்னும் மேசைத் துவாரத்துக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிவது தரை மட்டும். நீங்கள் பால்கனியிலேயே நிற்கிறீர்கள், அவளுக்கு அவ்வளவு பக்கத்தில். நன்றாகத் தூங்கி எழுந்தவராக இருந்தால், அவள் சொல்வது உங்களுக்குக் கேட்கும்.